அரைத் தேக்கரண்டி உப்பு எங்கே போச்சு? (நீளமான இழை)

இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. பேஜ்மேக்கர், இன்டிசைன், ஃபான்ட் பத்திப் பேசப் போறேன். "டாக்டருக்கு எதுக்கு டிடிபி வேலை?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. நோட்டீஸ், பத்திரிகை, பள்ளி மலர், கோயில் திருவிழா அழைப்பிதழ்னு எதையாவது அச்சடிக்கக் குடுக்கறவங்க எல்லாருக்கும் இது உதவும். மருந்து சம்பந்தமா அச்சடிக்கறவங்க கட்டாயம் படிக்கணும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்க புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீர்த்துச்சு. தெருவுல இடுப்பளவு தண்ணி, வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. புயல் செய்தி ரெண்டு நாள்ல முடிஞ்சுடும். எங்களுக்கு வேலை தண்ணி வடிஞ்ச பிறகுதான் ஆரம்பிக்கும். குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் எங்கேயாவது கை குலுக்கிக்கிட்டா அடுத்த வாரம் வயித்துப்போக்கு வரிசை கட்டும்.

அப்படித்தான் வந்துச்சு. கிளினிக் வாசல்ல குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு அம்மாக்கள், பாட்டிகள். ஓஆர்எஸ் பாக்கெட் கையில இருந்தவரைக்கும் குடுத்தேன். தீர்ந்து போனா வீட்லயே எப்படிக் கலக்கறதுன்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு. சரி, ஒரு துண்டு நோட்டீஸ் அடிச்சுடலாம்னு ராத்திரி 11 மணிக்கு உக்காந்து வாட்ஸ்அப்லயே தட்டினேன்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை 6 தேக்கரண்டி, தலை தட்டி. உப்பு ½ தேக்கரண்டி, தலை தட்டி.

அந்த "½" தான் இந்த இழையோட கதாநாயகன். பாத்து வச்சுக்கோங்க.

மிஷன் வீதிக்குப் பக்கத்துச் சந்துல ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கதான். கடை அண்ணன் 25 வருஷமா இதே வேலை. பேஜ்மேக்கர் 7, பாமினி ஃபான்ட். கண்ணை மூடிக்கிட்டு ஒரு பக்கம் கோத்துடுவார். மறுநாள் காலையில புரூஃபை போட்டோவா அனுப்பினார். ரெண்டு நோயாளிக்கு நடுவுல போனைத் திறந்து ஒரு பார்வை பாத்தேன். குழந்தை படம் அழகா இருந்துச்சு. கட்டை விரலைத் தூக்கி அனுப்பிட்டேன். சாயங்காலம் 1000 பிரதி வந்தாச்சு.

மூணாம் நாள் ஒரு பாட்டி வந்தாங்க. பேத்திக்கு ஒன்றரை வயசு.

"டாக்டரம்மா, நீ சீட்டுல போட்ட மாதிரியேதான் கலக்கினேன். புள்ள வாயில வச்சா துப்புது. என்னடான்னு நானும் ஒரு வாய் குடிச்சேன். கடல் தண்ணியாட்டம் கரிக்குதே!"

இடுப்புல செருகியிருந்த நோட்டீஸை எடுத்துக் காட்டினாங்க. "உப்பு தேக்கரண்டி, தலை தட்டி" அப்படின்னு இருந்துச்சு. ½-ஐக் காணோம். எண்ணே இல்லாம "தேக்கரண்டி"ன்னு படிச்சா யாரும் ஒண்ணுன்னுதான் எடுத்துப்பாங்க. பாட்டி மேல ஒரு தப்பும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தோட ஓஆர்எஸ் கலவையில ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம். வீட்டு உப்பு அரைத் தேக்கரண்டின்னா கிட்டத்தட்ட அதே கணக்கு வரும். முழுத் தேக்கரண்டின்னா ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஏற்கெனவே நீர் வத்திப்போன குழந்தைக்கு அவ்வளவு உப்பைக் குடுத்தா ரத்தத்துல சோடியம் ஏறும். மூளை செல்கள்ல இருக்கற தண்ணி வெளியே இழுக்கப்படும். எரிச்சல், வலிப்பு, மோசமானா நினைவு தப்பும். தாகத்துல இருக்கற குழந்தை அதையே மேலும் மேலும் குடிக்கும். இந்தக் குழந்தை துப்பினதுதான் அதுக்குக் கிடைச்ச வைத்தியம். (அந்தக் காலத்துல கிராமத்து செவிலியர்கள் சொல்லிக் குடுத்தது இன்னைக்கும் சரி: கலக்கினதும் நீங்க ஒரு வாய் ருசி பாருங்க. கண்ணீரை விட அதிகமா கரிச்சா கீழே ஊத்திடுங்க.)

குழந்தையைப் பரிசோதிச்சேன். கண்ணுல ஈரம் இருந்துச்சு, சிறுநீர் போயிருக்கு, சுறுசுறுப்பா என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்துச்சு. எனக்குத்தான் கை நடுங்குச்சு. பாக்கெட் குடுத்து அனுப்பிட்டு நேரா கடைக்கு ஓடினேன்.

"அந்த இடத்துல சம்பந்தமே இல்லாம ஒரு எழுத்து வந்து நின்னுச்சு மேடம். கன்வர்ட் பண்றப்ப இந்த மாதிரி குப்பை வர்றது சகஜம். அழிச்சுட்டேன்."

அவர் பொய் சொல்லலை. தினமும் பத்து இடத்துல அப்படி வரும், பத்தையும் அழிப்பார், ஒன்பது நிஜமாவே குப்பை. புரூஃப் படிக்காம கட்டை விரலைத் தூக்கினது நான். நோட்டீஸ் கீழே இருக்கறதும் என் பேர்தான்.

சரி, அந்த ½ ஏன் வேற எழுத்தா மாறுச்சு? இதைப் புரிஞ்சுக்கிட்டா டிடிபி-ல வர்ற பாதி வியாதிக்கு நீங்களே டயக்னோசிஸ் போடலாம்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். பழைய முறையில ஒரு ஃபான்ட்டுக்கு மொத்தம் 256 அறைதான். ஒரு லாட்ஜ்னு வச்சுக்கோங்க. கீழ்த்தளத்து 128 அறையில ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறிகள். மேல்தளத்துல தலையில கோடு போட்ட ஃபிரெஞ்சு எழுத்துகள், ½, ¾, டிகிரி குறி இதெல்லாம். தமிழுக்குத் தனி அறையே கிடையாது. அதனால நம்ம ஆளுங்க ஏற்கெனவே ஆள் இருந்த அறைகள்ல தமிழைக் குடியேத்தினாங்க. ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி.

பாமினியில பெரும்பாலும் கீழ்த்தளம், ஆங்கில எழுத்துகளோட இடம். "தமிழ்"னு திரையில தெரியறது உள்ளுக்குள்ள ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அதனாலதான் பாமினி இல்லாத கம்ப்யூட்டர்ல ஃபைலைத் திறந்தா தமிழ் போய் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளா நிக்குது. ஃபைல் கெட்டுப் போகலை. சட்டையைக் கழட்டிட்டு நிக்குது, அவ்வளவுதான். அதே ஃபான்ட்டைப் போட்டுவிட்டா சரியாகிடும்.

டிஸ்கி மாதிரியான குறியேற்றங்கள்ல தமிழ் இருக்கறது மேல்தளம். அங்க ½ இருந்த அறையில "ண" குடியிருக்கு. ¾ இருந்த அறையில "த". அதாவது நீங்க ½ன்னு குடுத்தா அது "ண"வா எழுந்து நிக்கும். எந்த ஃபான்ட்டுல எந்த எழுத்தா மாறும்ங்கறது அந்தந்த ஃபான்ட்டோட சமாச்சாரம். பாக்கறவருக்கு அது ஒரு அனாதை எழுத்து. டெலீட்.

இதை ஒரு டாக்டரா நான் இன்னொரு கோணத்துல பாத்தேன். அன்னைக்கு அண்ணனோட கம்ப்யூட்டர்லயே சோதனை பண்ணினோம். நாங்க ஆங்கிலத்துல எழுதற மில்லிகிராம் குறி, எம்-ஜி, அதுமேல பாமினியைப் போட்டா "அப"ன்னு வருது. மில்லிலிட்டர் குறி, எம்-எல், "அட"ன்னு வருது. "20 அப" மாத்திரை, "100 அட" கரைசல். ஓஆர்எஸ்ங்கற மூணு ஆங்கிலப் பெரிய எழுத்தும் "ழுசுளு"ன்னு மாறிடுது. ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா யோசிச்சா "அட"வாவது பரவாயில்லை, தப்புன்னு பளிச்சுன்னு தெரியும், யாராவது கேப்பாங்க. சத்தமில்லாம காணாமப் போற ½ தான் ஆளைக் கொல்றது.

எங்க ஊருக்கு இதுல கூடுதலா ஒரு தொல்லை உண்டு. தமிழ், ஆங்கிலம், ஃபிரெஞ்சு மூணும் ஒரே பத்திரிகையில வர்ற ஊர் இது. தலையில சாய்கோடு போட்ட ஃபிரெஞ்சு எழுத்து இருக்கு பாருங்க, கஃபேங்கற வார்த்தையோட கடைசியில வருமே, டிஸ்கி-ல அந்த அறையில இருக்கறது "ளூ". முழுப் பக்கத்தையும் செலக்ட் பண்ணி ஒரே தமிழ் ஃபான்ட்டைப் போட்டா ஃபிரெஞ்சுக்காரர் வீட்டு விசேஷத்துல "ளூ" வந்து உக்காந்துக்கும். 1855-ல் இதே ஊர் மிஷன் அச்சகம் தமிழ்–ஃபிரெஞ்சு அகராதியோட முதல் தொகுதியை ஈய எழுத்து கோத்து அச்சடிச்சிருக்கு. கோக்கறவர் தப்பா எடுத்தா உண்டு, மத்தபடி ஈய எழுத்து ராத்திரியோட ராத்திரியா வேற எழுத்தா மாறாது. நமக்குத்தான் இந்தக் கொடுப்பினை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கறதுக்கு 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப்னு தரப்படுத்தினாங்க. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிச்சு. யூனிகோடுல தமிழுக்குன்னு சொந்த வீடு இருக்கு, வாடகை அறை இல்லை. ½-க்குத் தனி எண், "ண"வுக்குத் தனி எண். மோதவே மோதாது. உங்க போன்ல நீங்க தட்டற தமிழ் யூனிகோடுதான்.

அப்புறம் ஏன் இன்னும் பாமினி? பேஜ்மேக்கரோட கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-ல. அதுக்கு யூனிகோடு தெரியாது. ஆனா கடையில 20 வருஷத்துப் பழைய ஃபைல்கள் அதுலதான் இருக்கு, கை அதுக்குத்தான் பழகியிருக்கு. புது சாஃப்ட்வேருக்கு மாசாமாசம் பணம் கட்டணும். கல்யாணப் பத்திரிகை 500 அடிச்சு என்ன மிஞ்சும்? அவங்களைக் கிண்டல் பண்றவங்க அந்த நாற்காலியில ஒரு நாள் உக்காந்து பாக்கணும். (பழைய பேஜ்மேக்கர் ஃபைல் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு தகவல்: இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும்தான் அதைத் திறக்கும். அப்புறம் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. பழைய கம்ப்யூட்டர் மூச்சு விடறப்பவே மாத்தி வச்சுக்கோங்க.)

ரெண்டாவது நோட்டீஸை வேற கடையில குடுத்தேன். சின்னப் பையன், இன்டிசைன், யூனிகோடு. நிம்மதின்னு நினைச்சேன். முதல் பிரச்சினை ரெண்டே நிமிஷத்துல வந்துச்சு. "கொதிக்க"ங்கற வார்த்தையில ஒற்றைக் கொம்பு "க"வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நின்னுச்சு. சில இடத்துல புள்ளி வட்டம். தம்பி ஃபான்ட்டை மாத்தி மாத்திப் பாத்தார், போகலை.

ஏன்னா தப்பு ஃபான்ட்டுல இல்லை. யூனிகோடுல "கொ"ன்னா முதல்ல "க", அடுத்து உயிர்க்குறி, இந்த வரிசையிலதான் சேமிக்கும். திரையில காட்டறப்ப கொம்பை முன்னாடி, காலைப் பின்னாடி கொண்டு போய் வைக்கறது சாஃப்ட்வேரோட பொறுப்பு. இன்டிசைன்ல வழக்கமா இருக்கற கம்போசருக்கு அந்த வேலை தெரியாது. எழுத்தை எல்லாம் செலக்ட் பண்ணுங்க, பாராகிராஃப் பேனலோட மூலையில இருக்கற மெனுவைத் திறங்க, "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்"னு இருக்கும், அதை அமுக்குங்க. கொம்பு தானா இடத்துக்கு வந்துடும். எந்த ஃபைலும் திறக்காம பிரிஃபரன்ஸஸ்ல, அட்வான்ஸ்டு டைப் பகுதியில அதையே வழக்கமா வச்சுட்டா ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகள்லயும் இதே வியாதி, இதே வைத்தியம்: டைப் பிரிஃபரன்ஸஸ்ல வேர்ல்ட்-ரெடி. காசு குடுக்க முடியாதவங்களுக்கு ஸ்க்ரைபஸ் இலவசம். 1.6 பதிப்புல தமிழ் ஒழுங்கா வருது.

ரெண்டாவது பிரச்சினைதான் திரும்ப என்னை உலுக்குச்சு. இந்தத் தடவை கடையிலயே உக்காந்து வரி வரியாப் படிச்சேன். ½ போய் "அரை"ன்னு எழுத்துலயே போட்டாச்சு. எல்லாம் சரி. எழுந்திரிக்கறப்ப பாத்தா பெட்டியோட கீழ் மூலையில குட்டியா ஒரு சிவப்பு பிளஸ் குறி.

எங்க தொழில்ல சிவப்பு பிளஸ்னா உதவி. இன்டிசைன்ல அதுக்கு அர்த்தம், "இந்தப் பெட்டிக்குள்ள இன்னும் எழுத்து இருக்கு, இடம் பத்தலை, அதனால காட்டலை." பாட்டிகளுக்குத் தெரியணுமேன்னு எழுத்தைப் பெருசாக்கச் சொன்னது நான்தான். பெருசானதுல கடைசி வரிகள் பெட்டிக்குக் கீழே விழுந்துடுச்சு. அது என்ன வரிகள் தெரியுமா?

கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், குழந்தை துவண்டு போனால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நோட்டீஸ்லயே முக்கியமான வரி. இருக்கறதைப் படிச்சுச் சரி பாக்கறது சுலபம். இல்லாததை எப்படிப் படிப்பீங்க? பிடிஎஃப் எடுக்கறப்ப இன்டிசைன் எச்சரிக்கைப் பெட்டி காட்டத்தான் செய்யும். நாமதான் படிக்காம ஓகே அமுக்கிப் பழகிட்டோமே. ஐசியு-ல எந்நேரமும் அலாரம் அடிச்சா நர்ஸ் காதுல விழாம போறது மாதிரி. விண்டோவோட கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வட்டம் இருக்கும், ப்ரீஃப்ளைட்னு பேர். பச்சைன்னா சரி. சிவப்புன்னா ஒண்ணு எழுத்து பெட்டிக்கு வெளியே போயிருக்கு, இல்லைன்னா ஃபான்ட்டோ படமோ காணோம். நீங்க கடைக்காரர் பக்கத்துல உக்காந்தா அந்த வட்டத்தை மட்டுமாவது பாருங்க. கூச்சப்படாம கேளுங்க.

அப்புறம் பிடிஎஃப். அச்சகத்துல உங்க ஃபான்ட் இருக்காது. ஃபைலை ரீடர்ல திறந்து ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபான்ட்ஸ் பக்கம் போனா, ஒவ்வொரு ஃபான்ட் பேருக்குப் பக்கத்துலயும் "எம்பெடட்"னு இருக்கணும். இல்லைன்னா அங்க வேற ஃபான்ட் ஏறி உக்காந்துக்கும். பல கடையில எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது படமா மாத்தி அனுப்புவாங்க. அது பாதுகாப்புதான். ஆனா அதுக்கப்புறம் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, அதனால மூல ஃபைலைத் தனியா வச்சுக்கோங்க. படம் மங்கலா வர்றது, நிறம் மாறுறது இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது. வாட்ஸ்அப்ல வந்த படத்தைப் போடாதீங்க, 300 டிபிஐ இருக்கட்டும், அது போதும். எனக்கு அதுல பெரிய அக்கறை இல்லை.

என் அக்கறை எல்லாம் எண்கள் மேலதான். அந்த வாரத்துக்கப்புறம் நோயாளி கையில போற எந்தத் தாளுலயும் பின்னக் குறி போடறதில்லை. அரை, கால், ஒன்றரைன்னு எழுத்துலதான். மி.கி., மி.லி. ரெண்டும் ஒரே எழுத்துலதான் வித்தியாசப்படுது, அதனால மில்லிகிராம், மில்லிலிட்டர்னு முழுசா. வயித்துப்போக்குக்குக் குடுக்கற துத்தநாக மாத்திரையை "தினமும் 20 மில்லிகிராம், 14 நாள்"னு எழுதினா 20 ஒரு வரியிலும் மில்லிகிராம் அடுத்த வரியிலும் பிரிஞ்சு போகக் கூடாது. நடுவுல உடையாத இடைவெளி போடச் சொல்லுவேன், எந்த சாஃப்ட்வேர்லயும் உண்டு. (6 மாசத்துக்கு மேல உள்ள குழந்தைக்குத்தான் 20. 2 மாசத்துலேர்ந்து 6 மாசம் வரைக்கும் 10.) எங்களுக்குக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தது: புள்ளிக்கு முன்னாடி சைபர் இல்லாம எழுதாதே, புள்ளி தேய்ஞ்சா 0.5 அஞ்சாகிடும். அச்சுக்கும் அதேதான்.

புரூஃபை போன்ல பாக்கறதையும் விட்டாச்சு. அச்சுக்குப் போற அதே பிடிஎஃப்-ஐ ஒரு தாள்ல எடுத்து, நான் எழுதின மூலத்தை நர்ஸ் கையில குடுத்துட்டு, நான் சத்தமாப் படிக்கணும். எண் வந்தா நிறுத்தணும், அவங்க "சரி"ன்னு சொல்லணும். அறுவை சிகிச்சை அறைக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 வரியில ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டுச்சு. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னு பேர், இடம், என்ன ஆபரேஷன்னு வாய் விட்டுச் சொல்லணும். முதல்ல எங்களுக்கே சிரிப்பா இருந்துச்சு. இப்ப டிடிபி கடையில நின்னு "உப்பு, அரைத் தேக்கரண்டி"ன்னு நான் கத்தறப்ப பக்கத்துல கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவங்க சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

பழைய கடை அண்ணன் காசு வாங்காம திருத்தின நோட்டீஸ் அடிச்சுத் தரேன்னு வந்தார். வேண்டாம்னு சொல்லலை. ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம். இப்ப அவர் மானிட்டர் ஓரத்துல ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கார்: "தெரியாத எழுத்து வந்தா அழிக்காதே, கேள்."

முதல்ல அடிச்ச 1000-ல பாதிகூட எங்க கைக்குத் திரும்பி வரலை. வீடு வீடாப் போய்க் கேட்டோம். நனைஞ்சு போச்சுன்னாங்க, எங்க வச்சோம்னு தெரியலைன்னாங்க. அதனாலதான் இவ்வளவு நாள் கழிச்சு இந்த இழை. புதுச்சேரிக்காரங்க யார் வீட்லயாவது, மேல நீல நிறத்துல குழந்தை டம்ளர்ல தண்ணி குடிக்கற படம் போட்ட நோட்டீஸ் ஃபிரிட்ஜ்லயோ காலண்டர் பின்னாடியோ இருந்தா எடுத்துப் பாருங்க. உப்புக்கு முன்னாடி அளவு எதுவும் இல்லைன்னா கிழிச்சுப் போட்டுட்டு இதை எழுதி ஒட்டிக்கோங்க:

தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை ஆறு தேக்கரண்டி, தலை தட்டி. உப்பு அரைத் தேக்கரண்டி, தலை தட்டி.